அறுபது கைநாட்டு

"'கூட அரிசி வேணும்' எண்டு நான் எழுதமாட்டன். கம்பனித் துரைக்குக் 'கூட' எண்ட சொல்லே பிடிக்காது" என்றார் றொபேட்.

கொழும்பு புதுக்கடைக் கோர்ட்டு வாசலில் சனங்களுக்குப் பெட்டிசம், மனு எழுதிப் பிழைப்பவர் அவர். எதிரில் நின்ற பழனியம்மாவின் விரல்களில் துறைமுகக் கரி அப்பியிருந்தது.

"அப்ப எப்படிங்கய்யா கேக்கிறது? நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே கிட்டங்கியில ஒரே அளவுக் கரிக்கூடைதான் சுமக்கிறோம். அவருக்கு வாரம் நாலு கொத்து அரிசி, எனக்கு ரெண்டு. அந்த ஆறு கொத்துல அஞ்சு வயிறு. வியாழக்கிழமையே பானையக் கவுத்துடுறேன். சின்னவளுக்குக் காலு வீங்கிக் கெடக்கு."

யுத்தம் வந்த நாளிலிருந்து வெளியே அரிசியைக் கண்ணால் காண முடியவில்லை. கம்பனி அளந்து போட்டால்தான் அடுப்பு எரியும்.

றொபேட் பேனையை மையில் தோய்த்தார்.

"'அஸ் மச் அஸ்'. அதுதான் இதுக்குச் சரியான இங்கிலீஸ். ஆம்பிளைக்கு எவ்வளவோ பொம்பிளைக்கும் அவ்வளவு. நீங்கள் கூடக் கேக்கேல்லை, சமனாத்தான் கேக்கிறியள். எந்தத் துரையும் மறுக்கேலாது."

"பொம்பளைங்க மட்டும் கேட்டா கிழிச்சுப் போட்டுடுவாங்கய்யா."

"அப்ப ஆம்பிளையளும் கைநாட்டு வைக்கட்டும். 'எங்களுக்கும் சம்மதம்' எண்டு கீழ ஒரு வரி போட்டுவிடுறன்."

அவள் கணவன் செல்லையா நல்ல மனுஷன். முதல் ஆளாகப் பெருவிரலை மையில் அழுத்தினான். அதோடு விட்டானா? கொட்டாஞ்சேனை லயத்தில் கதவு கதவாக ஏறி இறங்கினான். "நம்ம பொஞ்சாதிமாரும் வயிறாரத் திங்கட்டுமே" என்று அவன் கேட்டபோது ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கிட்டங்கியில் இருந்த அறுபது ஆண்களும் கைநாட்டு வைத்தார்கள்.

பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. றொபேட் வாசித்துச் சொன்னார்.

"உங்கட கோரிக்கை நியாயமாம். வாற சனிக்கிழமையில இருந்து அரிசியில ஆண், பெண் எண்ட பேதம் இல்லையாம்."

பழனியம்மா அங்கேயே அழுதுவிட்டாள். இனி எட்டுக் கொத்து. வியாழனும் வெள்ளியும் பானை பொங்கும்.

சனிக்கிழமை பெரிய சாக்கோடு பெண்கள் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். அரிசி அளக்கும் அலவி நானா இரண்டு கொத்துப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு இருக்கு நானா. மறந்துட்டீங்க."

"மறக்கல்ல. ரெண்டுதான்."

"ஆம்பளைக்கு எவ்வளவோ அவ்வளவுன்னு துரையே எழுதிக் குடுத்திருக்காருங்களே."

"அதத்தானே தாரன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆண்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். செல்லையா தன் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிலும் இரண்டே கொத்து.

பழனியம்மா மறுபடி அலவி நானாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆம்பளைங்க அரிசியக் கொறைக்க யாரு நானா சொன்னது?"

அலவி நானா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து அந்தப் பெட்டிசத்தை எடுத்து விரித்தார்.

"நான் என்ன செய்ய தங்கச்சி? ஆம்புளையளுக்கும் சம்மதம் எண்டு கீழ அறுபது கைநாட்டு ஈக்குதே. மொதலாவது ஒங்கட மாப்புளடது."