ஹைபிரிட் கணக்கு

திருவனந்தபுரத்தில் அந்தப் புது மாடல் ஹைபிரிட் கார் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆரியசாலை மொத்த வியாபாரி ஆறுமுகநயினார் ஐந்தாவது தடவையாக ஷோரூமுக்குள் நுழைவதைப் பார்த்ததும், விற்பனையாளன் பிபினுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

வழக்கம்போலப் பின்னாலேயே அந்த மெலிந்த மனிதர், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கடைக் கணக்குப்பிள்ளையாக இருக்கும் என்று பிபின் அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை.

"டீசல் வண்டிச் சத்தம் மகனுக்கு ஆகாதுங்கான். சாதா பெட்ரோலா, ஹைபிரிட்டா? இன்னொரு மட்டம் சொல்லுங்க தம்பி," என்றார் ஆறுமுகநயினார்.

பிபின் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். ஹைபிரிட் பாதி பேட்டரியில் ஓடுவதால் பெட்ரோலைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் விலை ஏழு லட்சம் கூடுதல்.

"அந்த ஏழு லட்சத்தைப் பெட்ரோல்ல மிச்சம் பிடிக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"இருபது வருஷம்!" விற்பனை போனாலும் போகட்டும் என்று வெடித்துவிட்டான் பிபின். "நஷ்டம் அண்ணாச்சி! சத்தியமாட்டு நஷ்டம். சாதா வண்டியே எடுங்க, கேட்டியளா?"

மெலிந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் சொல்லுகேன்," என்று முதன்முறையாக வாயைத் திறந்தார்.

ஆறுமுகநயினார் தாடையைத் தடவினார். "சரி, ஹைபிரிட்டே போடுங்க."

பிபினுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. "இவ்வளவு நேரமும் நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"நீங்க சொன்னது சரிதான். பில்லை இவுக பேருக்குப் போடுங்க." மெலிந்தவரின் தோளில் கை போட்டார். "என் சம்மந்தி. வண்டி இவுக மகளுக்குச் செய்யுத சீரு. பெட்ரோல்தானே நாங்க போடணும்!"