வெள்ளிக்கிழமை பாட்டில்

"பூர்ணா வந்தாச்சு, சுபாஸ்ரீ வந்தாச்சு, ஆக்னஸ் நிக்கிறா, நான் இருக்கேன். மத்தவங்கள்லாம் ஆபீஸ் கிளம்பட்டும்" என்றாள் ஹாஸ்டல் வார்டன் விஜயகுமாரி. "ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடணும். சொல்லு பூர்ணா."

ஹைதராபாத்தின் திருமுல்கேரியில் இருந்த அந்த லேடீஸ் ஹாஸ்டலின் சமையலறை. மூலையில் பொது ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"நேத்து தலைவலின்னு சீக்கிரம் வந்துட்டேன் ஆன்ட்டி. ஆக்னஸ் அக்கா நம்ம சுபாவோட ஓட்ஸ் பாட்டில எடுத்து சிங்க்ல கொட்டிட்டு இருந்தாங்க. அப்புறம் அதே பாட்டில்ல புதுசா ஊற வெச்சு, இருந்த எடத்துலயே வெச்சுட்டாங்க. நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது."

சுபாஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய ஓட்ஸ்தான் அந்த ஹாஸ்டலின் அதிசயம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாரம் முழுவதற்கும் பாலில் ஊறவைத்து, கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி ஒட்டிவிடுவாள். காற்றுப் புகாத மூடி. கதவுத் தட்டில் வைக்காமல் உள்தட்டின் பின்பக்கத்தில் வைப்பாள். பேரீச்சம்பழம் தவிர மற்றப் பழங்களை நறுக்கிப் போடுவது சாப்பிடும்போதுதான்.

வெள்ளிக்கிழமை பாட்டிலைத் திறந்தாலும் அப்போது காய்ச்சிய பாலின் மணம் வரும். ஹைதராபாத் வெயிலில் பூர்ணாவின் தயிர் ஒரே நாளில் பல் கூசப் புளித்துவிடும். இது மட்டும் எப்படி என்று எல்லோரும் மோந்து மோந்து பார்ப்பார்கள். கைராசி என்பார்கள்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முறை. தயிரக் கொண்டுபோய் கதவுல வெச்சா புளிக்காம என்ன பண்ணும்?" என்று சுபாஸ்ரீ பாடம் எடுப்பாள். அவளுக்கே உள்ளுக்குள் ஆச்சரியம்தான்.

"கைக்கு இப்படிப் பண்ணே ஆக்னஸ்?" 'ஏன்' என்பதை ஹைதராபாத் வழக்கில் 'கைக்கு' என்றுதான் கேட்பாள் விஜயகுமாரி. "பசிச்சா கேட்டு வாங்கித் தின்ன வேண்டியதுதானே?"

"நான் சாப்பிடல ஆன்ட்டி."

ஆக்னஸுக்குத் தூத்துக்குடி. ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பகலில் யாரும் அறையில் தங்கக் கூடாது என்பது ஹாஸ்டல் சட்டம். இரவு வேலை என்பதால் ஆக்னஸுக்கு மட்டும் விஜயகுமாரி விலக்குக் கொடுத்திருந்தாள். எத்தனையோ ஹாஸ்டல்கள் ஏறி இறங்கிக் கிடைத்த கட்டில் அது. அது போனால் ஆக்னஸுக்குத் தூக்கம் போயிற்று.

சுபாஸ்ரீ அன்றைய வெள்ளிக்கிழமை பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அதே பால் மணம். அதே அளவு பட்டைத்தூள். பேரீச்சம்பழம்கூட அவள் நறுக்குகிற மாதிரியே பொடிப்பொடியாக. சொல்லியிருக்காவிட்டால் சத்தியமாகத் தெரிந்திருக்காது.

"எவ்ளோ நாளா அக்கா?"

"நீ வந்த புதுசுல வயித்தப் புடிச்சிட்டுக் கெடந்தியே, அதுலேருந்து."

"தண்ணி ஒத்துக்கலன்னு ரெண்டு நாள் லீவு போட்டேனே, அப்பவா?"

"ஆமா. மறுநாளுக்கு உள்ள பாட்டில மட்டும் தெனம் சாயங்காலம் மாத்தி வெப்பேன்."

"உங்க பால், உங்க ஓட்ஸ்லயா?"

ஆக்னஸ் தலையாட்டினாள்.

சுபாஸ்ரீக்குக் காதெல்லாம் சுட்டது. மாதக்கணக்கில் ஊரைக் கூட்டிக் காட்டிய அதிசயம் இன்னொருத்தி கையால் ஆனது.

"அப்ப என் முறை தப்புங்கறீங்களா?"

"உன் முறையில ஒரு தப்பும் இல்ல."

"பின்ன எதுக்குக் கொட்டினீங்க?"

ஆக்னஸ் வார்டனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"போதும், நேரமாச்சு" என்றாள் விஜயகுமாரி. "உன் சாப்பாடு சுபா, நீயே சொல்லு. இவ இருக்கணுமா, போகணுமா?"

அவமானம் அதற்குள் கோபமாகியிருந்தது. "போகட்டும் ஆன்ட்டி."

விஜயகுமாரி குரலைத் தாழ்த்தினாள். "பேச்சு நக்கோ, வேண்டாம் ஆக்னஸ். சத்தமில்லாமப் போ. மௌலா அலியில என் தங்கச்சி ஹாஸ்டல் வெச்சிருக்கா, நான் சொல்லிடறேன். அங்கயும் பகல்ல தூங்கலாம்."

ஆக்னஸ் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி எடுத்து வந்தாள். ஒரே பெட்டிதான். ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"சுபா, இனிமே மொத்தமாப் போட்டு வெக்காத. அன்னன்னைக்கு ராத்திரி ஊற வெச்சு, காலைல சாப்பிட்டுரு."

"போறப்பவும் பாடம்" என்று முணுமுணுத்தாள் சுபாஸ்ரீ. ஆட்டோ போயிற்று. பூர்ணா பஸ்ஸுக்கு ஓடினாள்.

வாசலில் நின்றபோதுதான் கையில் பாட்டில் இருப்பது சுபாஸ்ரீக்குத் தெரிந்தது. ஒரு ஸ்பூன்தான் சாப்பிட்டிருந்தாள். கோபம் கோபம்தான், ஆனால் அந்த ருசியைக் கொட்ட மனம் வரவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

உள்ளே விளக்கு எரியவில்லை. உறுமல் சத்தமும் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒன்பது ஆச்சுல்ல, ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள் விஜயகுமாரி, சுவிட்சிலிருந்து கையை எடுத்தபடி. "யாரும் இல்லாத வீட்டுல அது கைக்கு ஓடணும்? தினம் சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள போட்டுடறேன்ல. கிளம்பு, கிளம்பு." பாட்டிலும் கையுமாக நின்றவளை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.