சாத்திய கேட்

இப்போதெல்லாம் நல்லவர்களால்தான் கேடு. திறந்த கேட்டைத் திறந்தபடி, சாத்தியதைச் சாத்தியபடி விட்டுப் போக வேண்டும் என்பது ஆடு மேயும் இந்தக் காட்ஸ்வோல்ட் மேடுகளில் குழந்தைக்கும் தெரியும். நேற்று முன்தினம் சைக்கிளில் சுற்ற வந்த ரூபர்ட், திறந்திருந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம். பக்கத்துப் பண்ணை மேவிஸுக்கு மிஞ்சியிருந்த ஒரே கிழச் செம்மறி இந்தப் பக்கம், வெயிலில் சாய்ந்து கிடக்கிறது. இன்று திரும்பி வந்தவன் தன் குடுவைத் தண்ணீரை அதன் வாயில் சொட்டுகிறான்.

“ஆடு ஓடிடக் கூடாதுன்னுதாங்க சாத்தினேன்.”

“ஓடலையே தம்பி, சந்தோஷமா?” என்கிறேன்.

“வாயை மூடு, வில்ஃப். பிழைச்சுக்கும்” என்று மேவிஸ் அதன் காதைத் தடவுகிறாள். தண்ணீர் கடைவாயில் வழிந்து புல்லில் இறங்குகிறது. கண்ணில் ஈ உட்கார்ந்திருக்கிறது; இமை அசையவில்லை. நான் மேட்டில் ஏறி நடக்கிறேன்.

“முழுங்கிடுச்சு!” என்று மேவிஸ் கத்துகிறாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.