நம்பர் ஒட்டிய நான்கு சொற்கள்

இங்கிலீஷ் சொற்கள் எழுதிய நான்கு துண்டுச் சீட்டுகளையும் கட்டிலில் பரப்பி, தையல்காரம்மா இன்னொரு முறை நம்பரைச் சரிபார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஸ்டிக்கர்கள் கம்பெனியிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தவை. அங்கே சட்டையின் கை, காலர், முதுகு எல்லாம் நம்பர் ஒட்டித்தான் மெஷினுக்கு வரும். நம்பர் மாறினால் சட்டை ரிஜெக்ட். இங்கிலீஷும் அப்படித்தான் என்று அவளுக்குப் பட்டது.

மூன்று மணிக்கு மருமகன் வீடியோவில் வருவார். ஞாயிறு தவறாது. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகத்தான் அவள் மீதி வாரத்தை ஓட்டுகிறாள்.

அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் 'அத்தை'. அவளுக்கோ இங்கிலீஷ் சுட்டுப் போட்டாலும் வராது. முன்பெல்லாம் மகள் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்வாள்.

இந்தப் பேச்சுக்கு மகளைக் கூப்பிட முடியாது.

போன ஞாயிறு, பேச்சுக்கு நடுவில் ஒரு கை திரைக்குள் நீண்டு, மருமகன் முன்னால் காபிக் கோப்பையை வைத்தது. விரல்களில் சிவப்பு நகப்பூச்சு. மனிதர் பதறிப்போய் போனை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

கணவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் வீட்டை ரெண்டாக்கிவிடுவார்.

நான்கில் இரண்டு சொல் அவளுக்கே தெரியும். ஒன்றை அயர்ன் மாஸ்டரிடம் கேட்டாள், இன்னொன்றை ஆபீஸ் கிளார்க்கிடம். முழுசாக யாருக்கும் தெரியக் கூடாது.

"என்னக்கா, வெளிநாடு கிளம்பியாச்சா?" என்று மாஸ்டர் கிண்டலடித்தார். சிரித்து மழுப்பினாள்.

வரிசையை மட்டும் யாரிடமும் கேட்க வழியில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும். எப்போதோ மகள் சொன்னதுதான் துணை.

"நம்மள மாதிரி செய்யற வேலையக் கடைசியில வைக்காதம்மா. ஆளச் சொன்னதும் வேலையச் சொல்லிடணும்."

வேலைச் சொல்லை அவள் முதலில் கடைசியில்தான் வைத்திருந்தாள். வாய்ப் பழக்கம். பிறகு ஸ்டிக்கரைப் பிய்த்து மாற்றி ஒட்டினாள்.

போன் அடித்தது.

கணவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மருமகன் இளைத்துப்போயிருந்தார். 'அத்தை' என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நம்பர்படி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"யூ. மேரி. தட். கேர்ள்."

அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, இன்னும் எத்தனை நாள் தனியாகக் கிடப்பீர்கள் என்பதை அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்னால் சுவரில் மகளின் படம். அவள் இறந்து பதினான்கு மாதமாகியும் அவர் அதைக் கழற்றவில்லை.

"தேங்க் யூ, அத்தை."

ஒரு தப்பும் இல்லாமல் சொல்லிவிட்டாள். மகள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

வாராவாரம் போனை வைக்கும்போது அவர் 'நெக்ஸ்ட் சண்டே' என்பார். அந்த இரண்டு சொல்லை மட்டும் அவள் சீட்டு இல்லாமலே கற்றிருந்தாள்.

இன்றும் சொல்வார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையசைத்தார்.

"நெக்ஸ்ட் சண்டே" என்று அவளே சொன்னாள்.

அதற்குள் திரை அணைந்திருந்தது.