தூக்க ஆள் வேண்டும்

ஜிம்மின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. காலில் செருப்பில்லை. நைட்டியின் மேல் கைக்குக் கிடைத்த துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

வீட்டில் மாமனார் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார்.

பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன உடம்பு. முதல் தடவை தூக்கப் பார்த்தபோதே அவள் இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. மறுபடி முயன்றதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர் தலைக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டு, தெருமுனை ஜிம்மில் வாட்டசாட்டமாக யாராவது இருப்பார்கள் என்று கிளம்பினாள்.

கிளம்பும்போது அவர் கோணிய வாயால் ஏதோ சொன்னார். நின்று பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

புருஷனைக் கூப்பிட அவள் வரவில்லை. அவனும் அந்நேரம் அதே ஜிம்மில்தான் இருப்பான். இருந்து என்ன பிரயோஜனம்? அவனுக்குத்தான் இடுப்பு சரியில்லையே.

அவன் அப்பா படுக்கையில் விழுந்த புதிதில், ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கப் போய் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் இடுப்புக்கு இருந்த மரியாதை மனிதர்கள் யாருக்கும் இல்லை. நல்ல மெத்தை அதற்கு. சாய்வு வைத்த நாற்காலி அதற்கு. படுக்கப்போகுமுன் வெந்நீர் ஒத்தடமும் அதற்குத்தான்.

தண்ணீர் கேனை அவள் தூக்கினாள். மாமனாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவள்தான் தூக்கினாள். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான், முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு.

வலி குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகுங்கள், அடிமுதுகுத் தசைக்கு அப்போதுதான் பலம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஜிம். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா குனிந்து நிமிர்வதுதான், வெறும் கம்பியைத் தொடக்கூட மாஸ்டர் விடுவதில்லை என்பான். அவளும் நம்பினாள். பாவம் என்றுகூட நினைத்தாள்.

உள்ளே ஒரு கும்பல் வட்டமாக நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒருத்தன் குனிந்து, தரையில் கிடந்த கம்பியைப் பிடித்திருந்தான். அதன் இரண்டு முனையிலும் வண்டிச் சக்கரம் மாதிரி இரும்புத் தட்டுகள்.

“முதுகு வளையக்கூடாது. பாரம் காலை ஒட்டியே வரணும். இப்ப காலை நல்லா ஊன்றி எந்திரி,” என்று மாஸ்டர் குரல் கொடுத்தார்.

அவன் எழுந்தான். பாரம் அலுங்காமல் குலுங்காமல் கூடவே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நிமிர்ந்த முகத்தைப் பார்த்தாள். அவள் புருஷன்.

அவளைப் புதிதாகச் சேர வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். பெருமை பிடிபடவில்லை அவருக்கு. வரும்போது இந்த ஆள் செருப்பு மாட்டக்கூடக் குனியமாட்டார், இப்போது பாருங்கள் நூறு கிலோ, வலி போய் எத்தனையோ மாதம் ஆகிறது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

நூறு கிலோ. மாமனார் அதில் பாதிகூட இருக்கமாட்டார்.

அவளுக்கு உச்சந்தலைவரை சுறுசுறுவென்று ஏறியது. பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்குப் பயந்து பொய் சொல்கிற ஆம்பளை உலகத்தில் இவன் ஒருத்தன்தானா? பாரத்தை எப்படித் தூக்க வேண்டும் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அவள் தினம் தினம் தப்பாகத் தூக்குகிறாள் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான் பாவி.

கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம் போல இருந்தது. அங்கே கையில் கிடைப்பதெல்லாம் அவளால் தூக்க முடியாதவை.

வந்த காரியத்தை மாஸ்டரிடம் சத்தமாகச் சொன்னாள். வீட்டில் பெரியவர் விழுந்துவிட்டார், தூக்க ஆள் வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பையன்கள் துண்டை உதறிவிட்டு முன்னால் வந்தார்கள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் திரும்பினான். மறுபடி தூக்கியிருந்த கம்பி கைநழுவிக் கட்டடமே அதிர விழுந்தது. அவனுடைய வலது கை, பழக்க தோஷம், தானாகப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. முகமும் வலிக்கிற மாதிரி சுருங்கத் தொடங்கியது.

மாஸ்டர் பதறிப்போனார். எங்கே வலிக்கிறது, எங்கே என்று அவன் முதுகைத் தடவினார்.

அவள் கதவருகே போய்த் திரும்பினாள். சத்தம் போடத்தான் நினைத்தாள். கிளம்பும்போது கிழவர் சொன்னது அப்போதுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

“நீங்க வர வேண்டாம். ஈரத்துல கிடந்துக்கிட்டே மாமா சொல்லித்தான் அனுப்பினாரு, ‘அவனைக் கூப்பிட்டுடாதம்மா, பாவம், அவன் இடுப்பு தாங்காது’ன்னு.”

பையன்கள் அவளோடு ஓடினார்கள்.

அவன் கை இடுப்பிலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.