தாளில் இல்லாதது

"போறீங்களா இல்லையா, அண்ணி? மூணு பேரை முன்னாடி விட்டாச்சு. எனக்குக் கால் கடுக்குது."

"நீ முன்னாடி போயேன். யாரு தடுத்தா?"

"அப்படி என்ன பெரிய பாவம்? நோன்புல வெண்ணெய் தின்னிருப்பீங்க. அதைச் சொல்ல இவ்வளவு யோசனையா?"

பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். நர்கிஸ் சிரிக்கவில்லை. எகிப்தில் மின்யா ஊரின் அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் மின்விசிறி கறகறவென்று சுற்றுகிறது. சாம்பிராணிப் புகையில் சாயங்கால வெயில் மஞ்சளாகத் தொங்குகிறது. அவள் கையில் மடித்த தாள், வியர்வையில் நைந்திருக்கிறது. மாதாமாதம் பாதிரியாரிடம் வாசிக்கும் அதே தாள்தான்: நோன்பில் பால் குடித்தது, பிள்ளைகளைத் திட்டியது. நான்கு வருஷமாக அதில் எழுதாத ஒன்று இருக்கிறது. ஒரு மத்தியானம் மாமியார் படுக்கையிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். தூக்கியும் துடைத்தும் அலுத்துப்போன நர்கிஸ், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே தூங்கியும்போனாள். எழுந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. பின்னால் கால் கடுக்க நிற்கும் ஃபௌக்கியா அந்த மாமியாரின் மகள். பாதிரியார் கொட்டாவி விட்டபடி பெஞ்சில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுகிறார். நர்கிஸ் போய் உட்காருகிறாள். "வாசிம்மா" என்று அவர் சிலுவையை மடியில் சாய்த்துக்கொள்கிறார். அவள் தாளைப் பிரிக்கவில்லை. "இது தாள்ல இல்லாதது, அபூனா. என் மாமியா தண்ணி கேட்டாங்க." அவருடைய அடுத்த கொட்டாவி பாதியில் நிற்கிறது. காதை அவள் பக்கம் சாய்க்கிறார். வரிசையில் ஃபௌக்கியா குனிந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நர்கிஸ் பாதிரியாரிடம் சொன்னால் போதுமா, ஃபௌக்கியாவிடமும் சொல்ல வேண்டுமா? உங்கள் மனசில் படுவதைக் கீழே எழுதுங்கள்.