ஒரேயொரு பனை

வயிறு நோகச் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேணும். முதலில் மகாதேவி அக்காவின் தலையிடியைச் சொல்லிவிடுகிறேன்.

1982. யாழ்ப்பாண ரவுணில் நான் கொம்பியூட்டர் பழகிய இடத்தில் இரண்டு மெசின்கள், ஒன்று பழசு, மற்றது புதுசு. ஊர் ஊராய்ப் பனைகளை எண்ணிக் கூட்டுகிற புரோகிராம் ஒன்று கொழும்புக்குப் போக இருந்தது. இரண்டு மெசினும் ஒரே இலக்கத்தை ஒரே மாதிரிக் காட்ட வேண்டும். சோதிப்பது அக்காவின் பொறுப்பு. அக்காவுக்கு அது மூன்று மாதத் தற்காலிக வேலை.

"அங்கை போய்ப் பிழை வந்துதெண்டால், பிள்ளை, நீர் வீட்டிலை நிக்கலாம்."

சொல்லிவிட்டு, அந்த இடத்தை நடத்திய சண்முகநாதன் சேர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கரவெட்டிக்கு இருபதினாயிரம். இரண்டு மெசினிலும் சரி. சண்டிலிப்பாய்க்கு எண்பதினாயிரம். அதுவும் சரி. அக்கா மூச்சு விட்டாள்.

நான் சும்மா விடுவேனா? பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சேரைப் போல மூக்கால் இழுத்துப் பேசினேன்.

"மகாதேவி! உது காணாது. இன்னும் பெரிய இலக்கமாய்க் குடும்!"

"ஓம், சேர்."

பத்து இலட்சம். சரி.

"இன்னும்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா ஒரு கோடி அடித்தாள்.

புதுசு காட்டியது: 10000000.

பழசு காட்டியது: 1E+07.

அந்த நேரம் பார்த்து அசல் சேர் உள்ளே வந்தார்.

"உதென்ன, ஒண்டெண்டு நிக்குது?"

"ஒரு கோடிதான், சேர். ஏழு சைபரையும் சுருக்கிப் போட்டுது. தெரியாத ஆக்கள் பாத்தால் யாழ்ப்பாணத்திலை ஒரேயொரு பனைதான் நிக்குதெண்டு நினைப்பினம். அரை மணித்தியாலத்திலை திருத்திப்போடுவன்."

"நல்ல காலம், கொழும்புக்குப் போக முதல் பிடிபட்டுது! ஆர் கோடி வரைக்கும் போகச் சொன்னது?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தானே யோசித்ததென்று அக்கா சொன்னால் பேர் முழுக்க அவளுக்கு. உண்மை வெளிப்பட்டால் நான் றோட்டிலை.

"நீங்கள்தானே, சேர்," என்றாள் அக்கா. "தேத்தண்ணிக்குப் போகேக்கை சொன்னனீங்கள்."

சேர் ஒரு கணம் முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம் ஓம், சொன்னனான்தான். அனுபவமெல்லோ! சரி பிள்ளை, உமக்கு வேலை நிரந்தரம்."

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"வெளியிலை வாடா! கேட்டது நல்ல கேள்வி, அதுதான் செய்தனான். குரலும் அச்சொட்டாய் அவர்தான். ஆனால், அந்த மனுசன் இந்த மூண்டு மாசத்திலை என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."